குடத்தில் இடாத ஓலை

ராஜகுளத்தில் பள்ளிப் பையன்களாக இருந்தபோது எங்களை உத்திரமேரூருக்கு அழைத்துப் போனார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைக் காட்டி, உலகத்துக்கே தேர்தலைக் கற்றுக்கொடுத்த கல் இதுதான் என்றார் வாத்தியார். எழுத்துப் புரியவில்லை, பெருமை மட்டும் புரிந்தது. அந்தப் பெருமையை இத்தனை வருஷமாகப் பரிசோதிக்காமலே வைத்திருந்தேன்.

சென்ற வருஷம், தெரிந்த பேராசிரியை ஒருவர் யோசனை கேட்க வந்தார். நிர்வாகத்திலும் தலைமையிலும் ஆண்-பெண் நிலை பற்றி ஓர் ஆய்விதழ் தொடங்குவதாக உத்தேசம். நான் சிறுபத்திரிகை நடத்தியவன்; ஒரு பத்திரிகை எப்படி நின்றுபோகும் என்பதாவது எனக்குத் தெரியும். ஆய்விதழின் நடைமுறையை அவர் விளக்கினார். கட்டுரையிலிருந்து எழுதியவர் பெயரை நீக்கிவிட்டு இரண்டு மூன்று நிபுணர்களுக்கு அனுப்புவது, அவர்களும் தம் பெயரை வெளியிடாமல் அபிப்ராயம் சொல்வது. எங்கள் பத்திரிகையில் பெயரைப் பார்த்த பிறகுதான் கவிதையையே படிப்போம். ஆகவே எனக்கு இது உயர்ந்த ஏற்பாடாகப் பட்டது.

“நம் ஊர்க் குடவோலையும் இதுதானே? விவரம் அறியாத சிறுவன் குடத்தில் கையை விட்டு எடுக்கிறான். முதல் இதழுக்கு அதைப் பற்றியே எழுதித் தருகிறேன்” என்றேன்.

“எழுதுங்க சார். குடத்துக்குள்ளே யார் யார் ஓலை போச்சுங்கிறதையும் எழுதுங்க” என்றார்.

கல்வெட்டை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் சபை செய்த இரண்டு தீர்மானங்கள் அவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. உறுப்பினனாக வருகிறவனுக்குக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். வயது 30 முதல் 60 வரை என்று முதல் தீர்மானம் சொன்னதை இரண்டாவது தீர்மானம் 35 முதல் 70 வரை என்று திருத்தியது. முந்தைய மூன்று வருஷங்களில் வாரியத்தில் இருந்தவன் வரக்கூடாது. இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் வரவே கூடாது. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், பதவிக்காலம் 360 நாள்.

இவ்வளவு நுணுக்கமாக விதி செய்தவர்கள், ஆணாக இருக்கவேண்டும் என்று தனியாக ஒரு விதி சேர்க்கவில்லை. அவசியப்படவில்லை. ‘உடையான்’ என்ற விகுதியிலேயே காரியம் முடிந்துவிட்டது. அது பிராமணர் சபை என்பதால் வேதம் ஓதாத சாதிகளுக்கும் குடத்தில் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஆனால் பெண்கள் கல்வெட்டில் இல்லாமல் இல்லை. கணக்குக் காட்டாதவனோடு அவன் உறவினர்களும் தகுதி இழக்கிறார்கள். சிற்றன்னை, பெரியன்னையின் பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், அவள் பிள்ளைகள், மகளைக் கட்டிய மருமகன் என்று பட்டியல் நீள்கிறது. ஓர் ஆணின் குற்றம் இன்னோர் ஆணிடம் போய்ச் சேரும் வழியாக மட்டும் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் இருப்பது சபைக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

சிறுவன் நேர்மையாகத்தான் எடுத்திருப்பான். அந்த நேர்மை குடத்தின் வாயோடு நின்றுவிடுகிறது. ஆய்விதழுக்கும் இந்த ஆபத்து உண்டு. பெயரை மறைத்தால் பாரபட்சம் குறையலாம். பிள்ளை வளர்ப்பதற்காக வேலையை விட்டவள் எழுதாமல்போன கட்டுரையை எந்த நிபுணர் மதிப்பிடுவார்?

பிரிட்டனில் 1985இல் தொடங்கிய ‘விமன் இன் மேனேஜ்மென்ட் ரிவ்யூ’ 2008இல் ‘ஜெண்டர் இன் மேனேஜ்மென்ட்’ என்று பெயர் மாறியது. வெறும் பெயர் மாற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. பெண் எவ்வாறு தலைமைக்கு வருவது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், அந்த ‘உடையான்’ விகுதி கேள்விக்கு அகப்படாமல் தப்பித்துவிடும்.

921இலிருந்து 1,072 வருஷம் கழித்து, 1993இல் அமலுக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், பஞ்சாயத்து இடங்களிலும் தலைவர் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்கையாவது பெண்களுக்கு ஒதுக்கியது. 2016இல் தமிழ்நாடு அதைப் பாதியாக்கியது. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் எந்த ஊருக்குப் பெண் தலைவர் என்பது ஏறக்குறையக் குலுக்கல் முறையில் அமைந்ததை வைத்து, ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் துஃப்லோவும் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெண் தலைமை வகித்த ஊர்களில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டிருந்தார்கள். குடத்தில் போகும் ஓலை மாறினால் ஊரின் கிணறும் குழாயும் மாறுகின்றன. இப்படி ஒன்றைச் சோதித்துச் சொல்வதற்குத்தான் ஆய்விதழ்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் வை. மு. கோதைநாயகி அம்மாள். ஐந்தரை வயதில் கல்யாணம். முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர்தான் எழுதிக்கொடுத்தார். 1925இல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று, 35 வருஷம் நடத்தினார். நம் விமர்சகர்கள், நான் உள்பட, அவருடைய 115 நாவல்களையும் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டோம். இலக்கிய மதிப்பீடு என்ற அளவில் அதை நான் இன்றும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் பத்து இதழுக்குள் மூச்சுவிட்டுப்போன பத்திரிகைகளை நடத்திய நாங்கள், அந்த அம்மாள் காகிதமும் சந்தாவும் எப்படிச் சமாளித்தார் என்று ஒருதரம்கூடக் கேட்கவில்லை. நிர்வாகம் என்பது எங்களுக்கு எண்ணத்தக்க விஷயமாகவே இல்லை.

“உங்க பத்திரிகையிலே சந்தாக் கணக்கு யார் சார் பார்த்தாங்க?” என்று பேராசிரியை போகும்போது கேட்டார்.

என் மனைவி பார்த்தாள். ரேப்பர் ஒட்டினாள், புரூஃப் திருத்தினாள், பேப்பர் கடைப் பாக்கிக்கு வளையலை அடகு வைத்தாள். ஆசிரியர் குழு என்று ஐந்து பெயர் போட்டோம், ஐந்தும் ஆண்கள். அவள் பெயரைப் போடக்கூடாது என்று நாங்கள் ஒருநாளும் தீர்மானம் செய்யவில்லை.

இதை அவளிடம் சொன்னேன். “உங்க அஞ்சு பேர்ல ஒருத்தர்கூடக் கணக்கு கேட்டதில்லீங்களே. கேட்டிருந்தா காட்டியிருப்பேன்” என்றாள். பிறகு, நோட்டு பரணில்தான் இருக்கிறது என்றாள்.

இறக்கிப் பார்த்தேன். கடைசி இதழ் வரை எழுதிக் கூட்டி முடித்திருக்கிறாள். முதல் இதழுக்குக் குடவோலை வேண்டாம், இந்த நோட்டைப் பற்றி அவளே எழுதட்டும் என்று பேராசிரியைக்குக் கடிதம் போட்டிருக்கிறேன்.