நான்கடிப் பள்ளத்தில் ஒரு பட்ஜெட்

பி.காம். படித்தவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும், 'இது எத்தனை வருஷம் உழைக்கும்?' என்று மனசுக்குள் தேய்மானக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவான். ஸ்கூட்டர், சோபா, மாமனார் வீட்டு மிக்ஸி... எதுவும் தப்பாது.

இந்த வாரம் அந்தக் கணக்கை ஒரு கொட்டகையின் மேல் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க விவசாயியின் கொட்டகை. சிரிக்காதீர்கள். கடனில் நிலத்தையே பறிகொடுத்துக்கொண்டிருந்த ஜனங்கள், கடன் வாங்காமல் கட்டிக்கொள்ள வழி சொன்ன கொட்டகை அது.

ஹாலிவுட் படங்களில் 'பார்ன்' பார்த்திருப்பீர்கள். சிவப்புச் சாயம் பூசிய மரக் கட்டடம், மடிந்து இறங்கும் பெரிய கூரை. கீழே குதிரையும் மாடும். மேலே பரண் முழுக்க உலர்ந்த புல். அடியில் கல் அஸ்திவாரம். அதன்மேல் பருத்த உத்திரங்கள். ஒன்றில் துளை, இன்னொன்றில் நாக்கு, இரண்டையும் கோத்து மர ஆப்பு அடிப்பார்கள். கைதேர்ந்த தச்சன் மாதக்கணக்கில் இழைக்க வேண்டிய வேலை. அப்புறம் ஊரே கூடி வந்து தூக்கி நிறுத்தும். அன்றைக்குக் கல்யாண வீடு மாதிரி சமையல் நடக்கும்.

அழகுதான். ஆனால், பில் யார் கொடுப்பது?

முதல் உலகப்போர் சமயத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. ஐரோப்பா பசியில் இருந்தது. 1919ல் ஒரு புஷல் கோதுமை, அதாவது சுமார் 27 கிலோ, இரண்டு டாலருக்கு மேல் விற்றது. விவசாயி நிலத்தை அடமானம் வைத்து இன்னும் நிலம் வாங்கினான். பேங்க்காரர்களும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்தது. விலை சரிந்தது. 1932ல் அதே புஷல் 40 சென்ட்கூடப் பெறவில்லை. விலை ஐந்தில் ஒன்றாகிவிட்டது. கடன்? அது பத்திரத்தில் எழுதியபடி அப்படியேதான் இருந்தது.

பிறகு ஏலம். சில ஊர்களில் அக்கம்பக்கத்து விவசாயிகள் கும்பலாகப் போய் நின்றுகொண்டு, பசுவைச் சில காசுகளுக்கு ஏலம் கேட்டார்கள். வெளியாள் யாரும் கூடுதலாகக் கேட்கத் துணியவில்லை. எடுத்ததை உரிய குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்தார்கள். 'பென்னி ஏலம்' என்றே பெயர் வந்தது. அயோவா மாநிலம் லெ மார்ஸ் ஊரில் 1933 ஏப்ரலில் ஆத்திரம் எல்லை மீறியது. ஜப்தி வழக்குகளை விசாரித்துவந்த நீதிபதியைக் கோர்ட்டிலிருந்தே இழுத்துக்கொண்டு போய், கழுத்தில் கயிறும் மாட்டினார்கள். நல்லவேளை, உயிர் தப்பினார்.

இந்த லட்சணத்தில் புதுக் கொட்டகை கட்ட யாரிடம் காசு இருக்கும்? ஆனால், தேவை இருந்தது. குதிரை போய் டிராக்டர் வந்துகொண்டிருந்தது. பழைய பார்னின் வாசலில் குதிரை நுழையும், டிராக்டர் நுழையாது. உள்ளே எங்கு திரும்பினாலும் தூண்.

இங்கேதான் ஹோவர்ட் டோன் வருகிறார். செயின்ட் லூயிஸ் நகரத்துக்காரர். பண்ணை நிர்வாகம்தான் அவர் தொழில். நவீனக் கம்பக் கொட்டகைக்கு வித்திட்டவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. அவர் நிறுவனத்தில் வேலை பார்த்த பெர்னான் பெர்கின்ஸ் அதைச் செம்மைப்படுத்தினார்.

சாதாரணமாகப் பட்ஜெட் உதைத்தால் நாம் என்ன செய்வோம்? எல்லாச் செலவிலும் பத்துப் பத்து சதவிகிதம் வெட்டுவோம். மட்டமான ஓடு, மெல்லிசான சுவர். கடைசியில் எல்லாமே அரைகுறை. கம்பக் கொட்டகையின் கணக்கு வேறு. இது எதற்கு என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டது. பரண் வேண்டுமா? புல்லைக் கட்டுக் கட்டாகத் தரையிலேயே அடுக்கலாமே. அடித்துவிடு. கல் அஸ்திவாரம்? கம்பத்தையே மண்ணில் ஆழமாக நட்டால் அதுவே அஸ்திவாரம். அடித்துவிடு. துளையும் நாக்கும்? ஆணி போதும். மேலே தகரக் கூரை. விவசாயியும் அவன் பிள்ளைகளுமே கட்டிக்கொள்ளலாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 40 அடி அகலம், 64 அடி நீளம். எட்டடிக்கு ஒரு கம்பம். சுற்றளவு 208 அடி, வகுத்தால் 26 கம்பம். நாளைக்கு நீளத்தைக் கூட்ட நினைத்தால், எட்டடிக்கு இரண்டு கம்பம் சேர்த்தால் போச்சு. அகலத்தைக் கூட்ட ஆசைப்பட்டால்தான் வம்பு. கூரையின் குறுக்குச் சட்டங்கள் எல்லாமே பெரிசாக வேண்டும், செலவு தாவிவிடும். அதனால் உள்ளே நுழையப் போகும் வண்டியை முதலில் அளந்துகொள்; அகலத்தையும் உயரத்தையும் அதை வைத்து முடிவு செய்; நீளத்தைக் கையில் இருக்கும் காசு முடிவு செய்யட்டும். மேடு பள்ளம் நிரவுவது, மழைத்தண்ணீர் வடிய வழி, கதவு... இந்த மூன்றையும் மறக்காமல் எழுது. பட்ஜெட்டில் துண்டு விழுவது எப்போதும் இங்கேதான்.

எல்லாம் சரி. மண்ணுக்குள் போன மரம் எத்தனை வருஷம் உழைக்கும்?

அதுதான் கேள்வி. அடித்துவிட்ட செலவெல்லாம் போய், முழு பாரமும் கம்பத்தின் காலடியில் வந்து நின்றது. வடக்கு மாநிலங்களில் குளிர்காலத்தில் மண்ணே உறைந்து உப்பிக் கம்பத்தைத் தூக்கும். அதனால் நான்கடி ஆழம். அந்த ஆழத்தில் ஈரம், பூஞ்சணம், பூச்சி. ஆரம்பத்தில் கைகொடுத்தவை மின்கம்பங்கள். ரயில் பாதைக் கட்டைகளுக்குப் போடுவது போல, கிரியோசோட் என்ற தாரெண்ணெயை அழுத்தத்தில் ஏற்றிய கம்பங்கள்.

லெ மார்ஸில் நீதிபதியை இழுத்துப்போன அதே 1933ல், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் ஓர் இந்தியர் மரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சொந்தி காமேசன் என்று பெயர். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் கலந்தார். தாமிரம் பூஞ்சணத்தைத் தடுக்கும். ஆர்சனிக் பூச்சியைக் கொல்லும். குரோமியம் அந்த இரண்டையும் தண்ணீரில் கரைந்துவிடாமல் மரத்தோடு பிடித்து வைக்கும். 1938ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. பின்னாளில் அமெரிக்காவில் மிக அதிகமாகப் புழங்கிய மரக்காப்பு மருந்து இதுதான். எத்தனையோ கொட்டகைகளின் கால்கள் இந்தக் கலவையைக் குடித்துவிட்டுத்தான் மண்ணில் இறங்கின. நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

கணக்கென்றால் பற்றும் உண்டு, வரவும் உண்டு. ஆர்சனிக் விஷம். குழந்தைகள் விளையாடும் இடத்தில் அது இருக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களில் பெரும்பாலும் கைவிட்டார்கள். மின்கம்பம் போன்ற சில உபயோகங்களுக்கு மட்டும் அனுமதி தொடர்ந்தது. 1933ல் எழுதாமல் விட்ட ஒரு செலவு, எழுபது வருஷம் கழித்து பில்லாக வந்தது.

நீங்கள் கொட்டகை கட்டப்போவதில்லை, தெரியும். வீடு கட்டலாம், கடை வைக்கலாம், பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணலாம். கடன் மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். எவற்றையெல்லாம் முழுசாக அடிக்கலாம் என்று அடியுங்கள். மிச்சத்தில், மண்ணுக்குள் போகிற நான்கடி எது என்று தேடுங்கள். வந்து பார்க்கிறவன் கண்ணில் அது படாது. ஒருத்தனும் பாராட்ட மாட்டான்.

அங்கே மட்டும் பேரம் பேசாதீர்கள்.