சும்மா நிற்கும் பெட்டரி ஏன் சாகிறது?



2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது நம் மோட்டார் சைக்கிள்கள் வாரக்கணக்கில் முற்றத்தில் நின்றன. 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே பெற்றோல் என்றபோதும் அதே கதை. பிறகு கியூஆர் முறையில் கிழமைக்கு 4 லீற்றர் கிடைத்தது. ஆசையோடு செல்ஃபை அமத்தினால் "டிக்" என்ற சத்தம் மட்டும்தான். ஓடாத பெட்டரி எப்படிப் பழுதாகும் என்று பலரும் கேட்டார்கள்.

இது பழைய கேள்வி. குளிர் நாடுகளில் பனிக்காலம் முழுக்க பைக்கை மூடி வைப்பவர்கள், வெயில் திரும்பியதும் வருடா வருடம் கேட்பது. பதில் தெரிய வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1800இல் இத்தாலியரான வோல்டா செய்த மின்கலம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். 1859இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாமல் சுருட்டி, சல்பூரிக் அமிலத்தில் வைத்தார். அதைத் திரும்பத் திரும்பச் சார்ஜ் பண்ண முடிந்தது. 1881 அளவில் கமீல் ஃபோர் என்பவர் தகட்டில் ஈய ஒக்சைட்டுப் பசையைப் பூசி, அதிக மின்னைச் சேமிக்க வழி செய்தார். இன்று நம் பைக்கில் இருப்பது இவர்களுடைய பெட்டரியின் பேரப்பிள்ளை.

1882இல் கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் உள்ளே நடப்பதை விளக்கினார்கள். மின் இறங்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேற்று படிகிறது. சார்ஜ் ஏறினால் அது கரைந்து பழைய நிலைக்கு வரும். ஆனால் அப்படியே கிடந்தால் அது கெட்டியான பளிங்காக இறுகிவிடும். பிறகு சார்ஜ் ஏறாது. பெட்டரி பாவிக்காமலே தானாக மெல்ல இறங்கும் என்பதால், நிறுத்தி வைப்பதே அதற்கு நோய்.

ஆரம்பகால மோட்டார் சைக்கிள்களுக்கு இந்தக் கவலை பெரிதாக இருக்கவில்லை. தீப்பொறிக்கு மெக்னீட்டோ, வெளிச்சத்துக்கு காபைட் விளக்கு, ஸ்டார்ட் பண்ணக் கால். 1914இல் அமெரிக்காவின் இந்தியன் கம்பனி செல்ஃப் வைத்த பைக்கை விற்றுப் பார்த்தது. அக்காலப் பெட்டரிக்கு அந்தப் பாரம் தாங்கவில்லை, கைவிட்டார்கள். 1950களின் இறுதியில் ஹொண்டா செல்ஃப் வைத்த பைக்குகளைக் கொண்டுவந்த பிறகே அது பரவியது. இப்போது பல பைக்குகளில் கிக்கரே இல்லை. பெற்றோலைக் கணக்காக அனுப்புவதும் மின்சாரம்தான். முன்பு உதவிக்கு இருந்த பெட்டரி இன்று இல்லாமல் முடியாத ஒன்றாகிவிட்டது.

இன்னொரு விஷயம். பெட்டரியைக் கெடுப்பது குளிர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். குளிரில் அதன் பலம் குறையும், சார்ஜ் இறங்கிய பெட்டரி உறைந்து வெடிக்கவும் கூடும். ஆனால் தானாக இறங்கும் வேகம் குளிரில் குறைவு. சூட்டில்தான் அது கூடும். ஆகவே பனிக்காலமே இல்லாத நம் ஊரில், ஒரு மாதம் சும்மா நிற்கும் பெட்டரிக்கு ஆபத்து அதிகம்.

வெளிநாடு போகும் பிள்ளைகள், உம்ராவுக்குப் போகிறவர்கள் கவனிக்கவும். போகும் முன் முழுதாகச் சார்ஜ் பண்ணி, மறை முனையைக் கழற்றி வையுங்கள். முழுச் சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.4க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் பண்ணுங்கள். முற்றத்தில் இரண்டு நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைப்பது போதாது, அரை மணி நேரமாவது ஓட வேண்டும்.

செத்துப்போன பெட்டரியை வீட்டுப் பின்பக்கம் போடாதீர்கள். அமிலத்தைக் கானில் ஊற்றவும் வேண்டாம், ஈயத்துக்காக உடைத்து உருக்கவும் வேண்டாம். ஈயம் மண்ணிலும் தூசியிலும் கலந்து சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. படிப்பு ஏறாத பிள்ளையை அடிப்பதற்கு முன் நாமும் நம் முற்றத்தைப் பார்க்க வேண்டும். பழைய பெட்டரியை எடுக்கும் கடையில் கொடுத்து, புதியதில் விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வீண்விரயத்திலிருந்தும், அடுத்தவருக்குத் தீங்கு செய்வதிலிருந்தும் அல்லாஹ் நம்மைப் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.