கால் சுளுக்கு இப்பதான் சரியாகுது... மலையில ரேஸ் ஓடலாமா?

2017 ஜூலை. அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் 'ஹார்ட்ராக் 100' ட்ரெயில் ரேஸ். 100 மைல், அதாவது சுமார் 160 கி.மீ. தூரம். மொத்த ஏற்றம் மட்டுமே சுமார் 10,000 மீட்டர். அதில் ஓடிய ஸ்பெயின் வீரர் கிலியன் ஜோர்னெட், ஆரம்பத்திலேயே வழுக்கி விழுந்தார். இடது தோள்பட்டை இறங்கிவிட்டது. அவரே அதைச் சரிசெய்து, கையை உடம்போடு கட்டிக்கொண்டு ஓடி, 24 மணி 32 நிமிடத்தில் ஜெயித்தார்!

காயத்தோடு ரேஸுக்குக் கிளம்புறவங்க அடிக்கடி சொல்ற கதை இது. ஆனா, அவருக்கு அடிபட்டது தோளில். உங்களுக்கு அடிபட்டது காலில்!

அதே கிலியனின் அடுத்த வருடக் கதையைப் பாருங்க. தோளுக்கு அறுவை சிகிச்சை. 2018 மார்ச்சில் பனிச்சறுக்குப் போட்டியில் கால் எலும்பு முறிவு. மூணு மாசத்துக்கும் மேல் கழித்து, ஜூலையில்தான் மான்ட் பிளாங்க் மாரத்தானில் ஜெயித்தார். அடுத்த வாரமே, இங்கிலாந்தில் 42 மலை உச்சிகளைத் தொடும் 'பாப் கிரஹாம் ரவுண்ட்' பாதையை 12 மணி 52 நிமிடத்தில் முடித்து, 1982-ல் இருந்து யாரும் தொடாத சாதனையை முறியடித்தார். நாம கத்துக்க வேண்டியது இந்தக் கதையில் இருந்துதான்.

வலி போனா குணமாகிடுச்சா?

இல்லை. ட்ரெயில் ஓட்டத்தில் ரொம்ப சகஜமான காயம், கணுக்கால் சுளுக்கு. பாதம் உள்பக்கமா மடங்கும்போது வெளிப்பக்கத் தசைநார் கிழியும். லேசான சுளுக்கு சில வாரங்களில் சரியாகும். முழுசா கிழிஞ்சா மாசக்கணக்காகும். வலி சீக்கிரம் போயிடும். ஆனா, பாதம் எந்தக் கோணத்துல இருக்குன்னு மூளைக்குச் சொல்ற உணர்வு திரும்ப இன்னும் நாளாகும். ஒருமுறை சுளுக்கின கால் மறுபடி சுளுக்க இதுவும் ஒரு காரணம். தார் ரோட்டுல இது தெரியாது. கல்லும் வேரும் கிடக்கிற பாதையில உடனே தெரிஞ்சிடும்.

அடிபட்ட உடனே நாலு அடிகூட எடுத்து வைக்க முடியலைன்னா, எக்ஸ்ரே அவசியம்.

ரேஸுக்கு முன்னாடி நாலு டெஸ்ட்

* கண்ணை மூடி, அடிபட்ட காலில் மட்டும் 30 விநாடி நிக்க முடியுதா?
* அந்த ஒரே காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவதை, நல்ல கால் அளவுக்குச் செய்ய முடியுதா?
* ஒற்றைக் காலில் முன்னாடி, பக்கவாட்டில் குதிச்சா வலிக்காம இருக்கா?
* சரிவில் ஓடிட்டு வந்த மறுநாள் காலையில வீக்கம் இல்லாம இருக்கா?

ஒண்ணுல தடுமாறினாலும், ரேஸைத் தள்ளிப்போடுங்க. ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியைத் தினமும் செய்யுங்க. பல் தேய்க்கும்போதுகூட செய்யலாம். கூடவே ஒரு ஃபிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்துடுங்க.

ரேஸ் நாளில்...

ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும். காலைப் பதம் பார்க்கிறது இறக்கம். அங்கே குட்டிக் குட்டி அடியா வைங்க. ஊன்றுகோல் அனுமதி இருந்தா எடுத்துக்கோங்க. கணுக்கால் பிரேஸ் அல்லது டேப், மறுபடி சுளுக்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

வலி மாத்திரை போட்டுட்டு ஓடவே ஓடாதீங்க. உடம்பில் நீர் வற்றும் நேரத்தில் இபுப்ரூஃபன் மாதிரி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். நிறுத்தச் சொல்லும் வலியையும் அது மறைச்சிடும்.

முக்கியமா, எப்போ நிறுத்தணும்னு வீட்டிலேயே முடிவு பண்ணிடுங்க. 'நொண்ட ஆரம்பிச்சா, அடுத்த எய்ட் ஸ்டேஷனோட சரி' என்பது நல்ல விதி. மலை மேல நிக்கும்போது, 'இவ்ளோ தூரம் வந்துட்டோமே'ன்னுதான் மனசு சொல்லும்.

ரிசல்ட்டில் பெயருக்குப் பக்கத்தில் 'டி.என்.எஃப்' என்று வரும். முடிக்கவில்லை என்று அர்த்தம். பெரிய பெரிய வீரர்கள் பெயர் பக்கத்திலும் அது இருக்கும். மலை அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும். அப்போ ஏற, உங்க கால் நல்லா இருக்கணும்!