தேம்ஸ் ஆற்றுச் சேற்றில் கிடக்கும் சரித்திரம்



லண்டனில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், இங்கே தேம்ஸ் ஆற்றில் தண்ணீர் வற்றும்போது ஆட்கள் கரையில் இறங்கிப் பழைய காசு, ஊசி, உடைந்த பானை என்று எதையெதையோ பொறுக்குகிறார்கள். என் பையன் தானும் போக வேண்டும் என்கிறான். அதில் அப்படி என்ன சார் இருக்கிறது?" இரண்டு வரியில் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அது நீண்டுவிட்டது. எல்லோரும் படிக்கட்டுமே என்று இங்கேயே போடுகிறேன். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொஞ்சம் புவியியல். ஓதங்கள் பற்றி எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ படித்திருப்பீர்கள். நிலவும் சூரியனும் இழுக்கிற இழுப்பில் கடல் மட்டம் ஒரு நாளில் ஏறத்தாழ இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்குகிறது. தேம்ஸ் ஆற்றில் இந்த ஏற்ற இறக்கம் கடலோடு நின்றுவிடுவதில்லை. லண்டன் நகரம் முழுவதையும் தாண்டி, மேற்கே டெடிங்டன் என்ற ஊரில் இருக்கும் தடுப்பணை வரைக்கும் வருகிறது. லண்டன் பாலத்துக்கு அருகே உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் 7 மீட்டர் வரை வித்தியாசம் உண்டு. இரண்டு மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் படகு மிதந்த இடத்தில் மதியம் சேறும் கூழாங்கல்லும் தெரியும். சில மணி நேரம் கழித்துப் போனால் அந்த இடம் மறுபடியும் தண்ணீருக்கடியில் இருக்கும்.

அந்த ஆற்றின் கரையில் கி.பி. 50 வாக்கில் ரோமானியர்கள் ஊர் அமைத்தார்கள். அதன் பிறகான ஏறக்குறைய 2000 ஆண்டுகளில் பெரும்பகுதி அங்கே மக்கள் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். கப்பல் வந்தது, படகோட்டி வந்தான், மீன் விற்றார்கள், துணி துவைத்தார்கள், குப்பை கொட்டினார்கள். எல்லோர் கையிலிருந்தும் ஏதோ ஒன்று தவறி விழுந்திருக்கிறது. ஆற்றுச் சேற்றுக்கு ஒரு குணம் உண்டு. அதற்குள் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அதனால் பொருள்களை அழுகச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு அங்கே வேலை இல்லை. வயலில் புதைந்தால் சில ஆண்டுகளில் மக்கிப்போகும் தோல் செருப்பும் மரச் சீப்பும் கம்பளித் தொப்பியும் இந்தச் சேற்றில் 500 ஆண்டுகள் கழித்தும் உருக்குலையாமல் கிடைக்கின்றன.

இப்படித் தேடுகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் 'மட்லார்க்' என்று பெயர். நேராகப் பிரித்தால் சேற்று வானம்பாடி. பெயர் அழகாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சுமந்தவர்களின் கதை அழகானதல்ல. ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் ஏழைகளை நேரில் சந்தித்து, அவர்கள் சொன்னதை எழுதினார். 'லண்டன் உழைப்பும் லண்டன் ஏழைகளும்' என்ற பொருள்படும் அவருடைய நூல் 1851-இல் வெளிவந்தது. அதில் இந்த மட்லார்க்குகளைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. பெரும்பாலும் சிறு பிள்ளைகள். கூடவே முதுமை அடைந்த பெண்கள் சிலர். வெறுங்காலோடு, கந்தல் துணியோடு, முழங்கால் சேற்றில் நின்று அவர்கள் தேடியது வரலாற்றை அல்ல. படகிலிருந்து சிந்திய நிலக்கரி, பழைய இரும்பு, கயிற்றுத் துண்டு, எலும்பு இவைதான். கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் செப்பு ஆணி கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம். நாளெல்லாம் நின்றால் சராசரியாக 3 பென்ஸ் கிடைத்தது.

அதில் ஒரு சிறுவன் மேஹ்யூவிடம் சொன்ன செய்தியை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். கண்ணாடித் துண்டு காலைக் கிழித்துவிட்டால், வீட்டுக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு உடனே ஆற்றுக்குத் திரும்பிவிடுவானாம். ஏனென்றால், எதுவும் கிடைக்காமல் தண்ணீர் ஏறிவிட்டால் அடுத்த வற்றம் வரை பட்டினிதான். அந்தப் பிள்ளைக்கு ஓதம் என்பது பாடப்புத்தகத்தில் வரும் படம் அல்ல. சோற்றுப் பானையை அடுப்பில் ஏற்றுவதா இறக்குவதா என்று தீர்மானிக்கிற கடிகாரம்.

அதே காலத்தில், அதே ஆற்றில் வேறொருவரும் தேடிக்கொண்டிருந்தார். சார்லஸ் ரோச் ஸ்மித் என்ற மருந்துக் கடைக்காரர். அந்த நூற்றாண்டின் முற்பகுதியில் பழைய லண்டன் பாலத்தை இடித்துப் புதுப்பாலம் கட்டினார்கள். ஆற்றின் அடிமண்ணை வாரி எடுத்தார்கள். மண்ணோடு ரோமானிய நாணயமும் சிலையும் வந்தன. அவற்றின் மதிப்பை நகர நிர்வாகம் உணரவில்லை. ரோச் ஸ்மித் கூலியாட்களிடம் நயமாகப் பேசி, காசு கொடுத்து, கிடைத்ததையெல்லாம் வாங்கிச் சேர்த்தார். எது எங்கே கிடைத்தது என்று குறித்தும் வைத்தார். 1856-இல் அவருடைய சேகரிப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2000 பவுண்டுக்கு வாங்கியது. அங்கே இருக்கும் ரோமானிய பிரிட்டன் பிரிவுக்கு அதுதான் அடித்தளம். ஒரு மருந்துக் கடைக்காரரும் பெயர் தெரியாத கூலியாட்களும் சேர்ந்து போட்ட அடித்தளம் அது.

சரி, ஆற்றில் என்னதான் கிடைக்கிறது? பையன் கேட்டது அதைத்தானே. தங்கமும் வாளும் அபூர்வம். மிகுதியாகக் கிடைப்பவை மூன்று நான்கு வகைதான்.

ஒன்று, களிமண் சுங்கான். புகையிலை இங்கிலாந்துக்கு வந்த 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மண் சுங்கான்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன. மலிவானவை, எளிதில் உடைபவை. உடைந்ததும் ஆற்றில் எறிந்தார்கள். புகையிலை விலை அதிகமாக இருந்த தொடக்க காலத்தில் சுங்கானின் கிண்ணம் மிகச் சிறியது. விலை குறையக் குறையக் கிண்ணம் பெரிதானது. எனவே கிண்ணத்தின் அளவையும் வடிவையும் பார்த்தே அதன் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். பொருளாதாரப் பாடம் ஒரு கட்டை விரல் அளவுப் பொருளில் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது, குண்டூசி. பித்தளையில் கையால் செய்தவை, ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. பித்தானும் கொக்கியும் பரவலாகும் முன் ஆடைகளைப் பல இடங்களில் ஊசி குத்தித்தான் நிறுத்தினார்கள். ஒரு குண்டூசி செய்ய 18 வேலைகள் உண்டு, அவற்றைப் பிரித்துக்கொண்டு செய்தால் உற்பத்தி பெருகும் என்று ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதியது பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் மாணவர்களுக்கு நினைவு வரும்.

மூன்றாவது, யாத்திரை வில்லைகள். கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட் 1170-இல் தேவாலயத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். மூன்று ஆண்டுகளில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் சமாதிக்குப் போனவர்கள் ஈயமும் வெள்ளீயமும் கலந்த சிறு வில்லையை வாங்கித் தொப்பியில் குத்திக்கொண்டு திரும்பினார்கள். நாம் பழனிக்குப் போனால் டாலர் வாங்கி வருவது போல. 1538-இல் எட்டாம் ஹென்றி அந்தச் சமாதியை இடித்தார். பெக்கெட்டின் பெயரையே வழிபாட்டு நூல்களிலிருந்து அழிக்கச் சொன்னார். அரசன் ஆணையிட்டால் புத்தகத்தில் பெயரை அழிக்கலாம். ஆற்றுக்குள் கிடந்த வில்லைகளை அவரால் என்ன செய்ய முடியும்? இன்றும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: விளையாட்டுச் சாமான்கள். நடுக்கால ஐரோப்பாவில் குழந்தைப் பருவம் என்ற எண்ணமே கிடையாது, பிள்ளைகளைச் சிறிய பெரியவர்களாகத்தான் பார்த்தார்கள் என்று பிலிப் ஆரியெஸ் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் 1960-இல் எழுதினார். பெரிய செல்வாக்குப் பெற்ற கருத்து அது. பிறகு தேம்ஸ் சேற்றிலிருந்து மட்லார்க்குகள் சின்னச் சின்ன உலோகப் பொம்மைகளை எடுத்துவந்து அருங்காட்சியகத்தில் காட்டினார்கள். 1300 வாக்கில் வார்த்த, குதிரை மேல் அமர்ந்த வீரன். விரல் நுனி அளவு ஜாடி, தட்டு, கிண்ணம். சாட்சாத் நம் வீட்டுச் சொப்புச் சாமான்! அதுவும் அச்சில் வார்த்தவை. அச்சில் வார்த்தால் ஒன்றல்ல, பல விற்பனையாகியிருக்க வேண்டும். 700 ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு தகப்பன் கடைத்தெருவில் நின்று தன் பிள்ளைக்காகப் பொம்மை வாங்கியிருக்கிறான். ஆரியெஸ் பார்த்த ஓவியங்களும் நூல்களும் சொல்லாத செய்தியை ஒரு குழந்தை தொலைத்த பொம்மை சொல்லிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பொருள் தானாகப் பேசாது. அது எங்கே, எந்த ஆழத்தில், எதனோடு கிடைத்தது என்ற உண்மைக் குறிப்பு இருந்தால்தான் பேசும். அந்தக் குறிப்பு பொய்யானால் என்ன நடக்கும் என்பதற்கு லண்டனிலேயே உதாரணம் இருக்கிறது. வில்லியம் ஸ்மித், சார்லஸ் ஈட்டன் என்று இரண்டு மட்லார்க்குகள். பில்லி, சார்லி என்று சொல்வார்கள். 1857 முதல் இருவரும் ஈயத்தில் பழைய வில்லைகளைப் போலத் தாங்களே வார்த்து, அமிலத்தில் நனைத்துப் பழமை ஏற்றி, ஷாட்வெல் பகுதியில் கப்பல்துறைக்காகத் தோண்டிய இடத்தில் கிடைத்ததாகச் சொல்லி விற்றார்கள். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் வில்லையில் இருந்த எழுத்துகளுக்கு அர்த்தமே இல்லை. 11-ஆம் நூற்றாண்டு என்று காட்ட, அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் வழங்காத எண் வடிவத்தில் ஆண்டைப் போட்டார்கள். அப்படியும் அறிஞர்கள் நம்பினார்கள். 1858-இல் இந்த விவகாரம் நீதிமன்றம் வரை போனபோது, அவை உண்மையான பழம்பொருள்கள் என்று சாட்சி சொன்னவர்களில் நம் ரோச் ஸ்மித்தும் ஒருவர்! 1861-இல்தான் சார்லஸ் ரீட் என்பவர் வார்ப்பு அச்சுகளைப் பெற்று உண்மையை உடைத்தார்.

அந்த இருவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. சேற்றில் நாளுக்கு மூன்று பென்ஸ் பொறுக்கியவர்கள், படித்தவர்கள் எதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்று கவனித்து அதைச் செய்து கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் ஏமாற்றிய விதத்தைப் பாருங்கள். பொருளை மட்டும் போலியாகச் செய்யவில்லை. கிடைத்த இடத்தையும் போலியாகச் சொன்னார்கள். அறிஞர்கள் விழுந்தது இரண்டாவது பொய்யில்தான்.

அதனால்தான் இன்று விதிகள் கடுமையாக இருக்கின்றன. தேம்ஸ் கரையில் தேடுவதற்கு லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதி வேண்டும். கண்ணால் பார்த்துப் பொறுக்குவதற்கும் அதே விதிதான். 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று தோன்றும் எதுவானாலும் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அதற்கான அலுவலரிடம் காட்ட வேண்டும். அவர் பார்த்துப் பதிவு செய்வார். பெரும்பாலும் பொருளைக் கண்டவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பதிவு 1997-இல் தொடங்கிய ஒரு தேசியத் திட்டத்தின் தரவுத்தளத்தில் சேரும். அதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். இந்தப் பொழுதுபோக்குக்கு ஆசைப்படுகிறவர்கள் பெருகிப்போய், 2022-இல் புதிய அனுமதி தருவதையே நிறுத்திவைத்தார்கள். பிறகு காத்திருப்போர் பட்டியல் வந்தது. ஒரு காலத்தில் வேறு கதியில்லாத பிள்ளைகள் இறங்கிய சேற்றில் இறங்க, இன்று வசதியுள்ளவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

அவசரமும் இருக்கிறது. படகுகள் எழுப்பும் அலையும் நீரோட்டமும் கரையை அரித்துக்கொண்டே இருக்கின்றன. சேற்றுக்குள் இருக்கும் வரை பத்திரமாக இருந்த தோலும் மரமும், வெளியே வந்து காற்றுப் பட்டதும் காய்ந்து சுருங்கி உடைந்துபோகும். ஒவ்வொரு வற்றத்திலும் ஏதோ ஒன்று வெளியே வருகிறது. யாராவது பார்த்துப் பதிந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் அடுத்த ஓதம் கொண்டுபோய்விடும்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் ஒரு மதியம் தென்கரைப் படிக்கட்டில் இறங்கி நின்று பார்த்தேன். அனுமதிச் சீட்டு இல்லாததால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சுங்கான் தண்டுகள் வெள்ளைச் சாக்பீஸ் துண்டுகள் மாதிரி கிடந்தன. முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்த கைக்கு அது வேறு மாதிரித் தோன்றாதுதானே! அவற்றுக்கு நடுவே ஒரு சிறிய அகல்விளக்கு, கறை படிந்த திரியோடு. அது பழங்காலப் பொருள் அல்ல. லண்டனில் வாழும் நம் நாட்டு இந்துக் குடும்பங்கள் தேம்ஸையே கங்கையாக எண்ணி விளக்கு விடுகிறார்கள், சிறு சாமி உருவங்களைச் சேர்க்கிறார்கள். மட்லார்க்குகள் இவற்றை அடிக்கடி காண்கிறார்கள். பெக்கெட்டின் வில்லை விழுந்த அதே சேற்றில் இப்போது நம் அகலும் விழுகிறது. முன்னூறு வருடம் கழித்து யாரோ அதை எடுத்து, இதை விட்டவள் யார், என்ன வேண்டிக்கொண்டாள் என்று யோசிக்கப் போகிறார்.

ஆகவே தம்பி, பையனைத் தாராளமாக அழைத்துப் போ. அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டு, அது வரும்வரை அருங்காட்சியகத்தில் இருக்கும் பொம்மைகளைக் காட்டு. கரைக்கு இறங்கும்போது ஓத அட்டவணையைப் பார்த்துக்கொண்டு இறங்கு. தண்ணீர் திரும்பினால் வேகமாக ஏறும், ஏறிவரும் படிக்கட்டு எங்கே என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள். ரப்பர் காலணியும் கையுறையும் கட்டாயம். அனுமதி கிடைத்து அவன் கையில் ஏதாவது அகப்பட்டால், "இது எவ்வளவு விலை போகும்?" என்று கேட்க விடாதே. "இதைத் தொலைத்தவர் யார்?" என்று கேட்கச் சொல். கிடைத்த இடத்தையும் தேதியையும் ஒரு நோட்டில் அவன் கையாலேயே எழுதச் சொல். எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. திருத்திக் கொடுக்க நான் இன்னும் தயாராகத்தான் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்