பீரங்கிக்கு வழி விட்ட ஊர்

அக்கா பெண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. சென்னையில் பத்திரிகை என்றால் ஆண்டர்சன் தெருதானே? ஞாயிற்றுக்கிழமை போனால் பாதிக் கடை பூட்டியிருக்கும் என்பதால், ஒரு சனிக்கிழமை காலை மனைவி, மகள் சகிதம் மெட்ரோ ஏறி உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கினோம். மகள் ப்ளஸ் டூ. ஜார்ஜ் டவுன் பக்கம் அவள் வருவது அதுதான் முதல் தடவை.

படியேறி என்.எஸ்.சி. போஸ் சாலைக்கு வந்ததும் அவள் சட்டென்று நின்றுவிட்டாள்.

"அப்பா, இது என்ன, யாரோ கத்தி வச்சு வெட்டின மாதிரி இருக்கு?"

திரும்பிப் பார்த்தேன். சாலைக்கு வடக்கே கடை மேல் கடை, தலை மேல் தலை, ஒரு ஆள் நுழைய இடமில்லாத சந்துகள். தெற்கே பார்த்தால் சுற்றுச் சுவர், மரங்கள், நடுவில் சிவப்பாக உயர் நீதிமன்றம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு கடை, ஒரு வீடு இல்லை. ஆயிரம் தடவையாவது அந்தச் சாலையைக் கடந்திருப்பேன். ஒரு நாளும் எனக்கு அது உறுத்தியதில்லை!

நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். அந்த வெட்டு தானாக விழுந்ததல்ல. வெட்டியது பீரங்கி.

கதை 1640-ல் ஆரம்பிக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கடற்கரையில் கோட்டை கட்ட ஆரம்பித்ததும், அவர்களுக்குத் துணி நெய்து கொடுக்கவும், வாங்கி விற்கவும், மொழிபெயர்க்கவும் நம்மவர்கள் வந்து குடியேறினார்கள். நெசவாளிகள், சாயம் போடுகிறவர்கள், செட்டியார்கள், துபாஷிகள்... கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே ஒரு ஊர் முளைத்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'கறுப்பர் நகரம்'. (பெயர் வைப்பதில் நாசூக்கெல்லாம் பார்க்கவில்லை.) ஊரின் நடுவே சென்ன கேசவப் பெருமாளுக்கும் சென்ன மல்லீஸ்வரருக்கும் இரட்டைக் கோயில். 'பட்டணம் கோயில்' என்றால் அதுதான்.

அந்த ஊர் எங்கே இருந்தது தெரியுமா? இன்று வக்கீல்கள் கறுப்பு கவுனோடு வேக வேகமாக நடக்கிறார்களே, அந்த வளாகத்தில்!

ஒரு நூறு வருஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து, சில நாட்கள் குண்டு போட்டு, கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். (அப்போது கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த ராபர்ட் கிளைவ் மாறுவேடத்தில் தப்பி, கடலூர்ப் பக்கம் ஓடினார். அது தனிக் கதை.) பிடித்தவர்கள் கோட்டைக்கு மேலே ஏறி வடக்கே பார்த்தார்கள். வீடுகள் மறைத்தன. எதிரி அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் எப்படிச் சுடுவது? சுவரை ஒட்டியிருந்த வீடுகளை இடித்துத் தள்ளினார்கள்.

ஐரோப்பாவில் சமாதான ஒப்பந்தம் ஆகி, 1749-ல் கோட்டை மறுபடியும் இங்கிலீஷ்காரர்கள் கைக்கு வந்தது. வந்தவர்கள் இடிந்த வீடுகளைக் கட்டிக் கொடுத்தார்களா? அதுதான் இல்லை. பிரெஞ்சுக்காரன் ஆரம்பித்த வேலை சரியான வேலைதான் என்று அவர்களுக்குப் பட்டுவிட்டது! மிச்சத்தை இவர்கள் இடித்தார்கள். 1757-ல் பட்டணம் கோயிலும் போனது.

இதை மனைவியிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "சாமியையே காலி பண்ணச் சொன்னாங்களா?" ஆமாம். இடித்தவன் எதிரி என்றால் சபித்துவிட்டுப் போகலாம். ஊரையே கூப்பிட்டுக் குடிவைத்தவன் இடித்தால் யாரிடம் போய் முறையிடுவது? ஜனங்களின் அதிருப்தி கம்பெனிக்கு உறைத்திருக்க வேண்டும். கோயிலுக்கு மட்டும் வடக்கே மாற்று நிலம் கொடுத்து, கொஞ்சம் பணமும் கொடுத்தது. அதைவிடப் பெரிய பங்கைப் போட்டவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். பூக்கடைக்குப் பக்கத்தில் தேவராஜ முதலி தெருவில் இன்று நீங்கள் கும்பிடுகிற இரட்டைக் கோயில் அப்படி வந்ததுதான்.

மனிதர்கள்? ஏற்கெனவே வடக்கே இருந்த முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தார்கள். அவைதான் இன்றைய ஜார்ஜ் டவுன். அங்கேயும் நிம்மதி இல்லை. 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை திரும்பி வந்து, நேராக இந்தத் தெருக்களுக்குள் புகுந்து கொள்ளையடித்தது. கிடைத்த சாராயத்தையெல்லாம் குடித்துவிட்டுப் பல சிப்பாய்கள் தள்ளாடிக்கொண்டு நின்ற நேரத்தில், கோட்டைக்குள்ளிருந்து இங்கிலீஷ் படை பாய்ந்து தெருச் சண்டையே நடந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் முற்றுகை. 1759 பிப்ரவரியில் இங்கிலீஷ் கப்பல்கள் தெரிந்ததும்தான் லாலி மூட்டை கட்டினார்.

கம்பெனி படித்த பாடம்? 'வெட்டவெளி இன்னும் வேண்டும்!' 1773-ல் எல்லைத் தூண்களே நட்டுவிட்டார்கள். இந்தக் கோட்டுக்குத் தெற்கே யாரும் எதுவும் கட்டக் கூடாது. அந்தக் கோடுதான் என் மகள் பார்த்த வெட்டு.

வடக்கிலும் மேற்கிலும் ஊரைச் சுற்றி மதில் எழுந்தது. காண்ட்ராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்ட். பின்னாளில் ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துக் கொழுத்து, லண்டன் பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க்கிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே மனிதர்தான்! மதில் செலவுக்கு ஊர்க்காரர்களிடம் ஒரு வரி போட நினைத்தது கம்பெனி. அந்த வரி வசூலாகவே இல்லை. ஆனால் மதிலோரச் சாலைக்கு 'வால்டாக்ஸ் ரோடு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நான் பி.காம். படித்தவன். வராத வரவுக்கு இவ்வளவு நிரந்தரமான கணக்குத் தலைப்பு கிடைத்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பத்திரிகை வேலை இரண்டு மணி நேரம் இழுத்தது. (மஞ்சள் தடவின கார்டா, பிள்ளையார் அச்சடித்த கார்டா என்ற சர்ச்சையில் லாலியின் முற்றுகை தோற்றது.) பிறகு மிண்ட் தெருவில் சூடாகக் கச்சோரி. நாணயச் சாலை 1840-களில் அங்கே வந்ததால் அந்தப் பெயர். நாணயச் சாலை போய்விட்டது. பெயரும், பின்னால் வந்த மார்வாடி, குஜராத்திக் குடும்பங்களும் இருக்கிறார்கள்.

கொத்தவால் சாவடிப் பக்கம் போனபோது, ஒரு மளிகைக் கடைப் பெரியவர் மகளைப் பார்த்து, "என்னம்மா தேடறே?" என்றார். "பழைய மார்க்கெட்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே காலால் தரையைத் தட்டினார். "நீ நிக்கிற இடந்தான். தொண்ணூத்தாறுல கோயம்பேட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி சத்தம் இல்லாம ஒரு மாசம் தூக்கமே வரலை." நெரிசலைக் குறைக்க அந்த மாற்றம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அவர் தரையைத் தட்டிய விதம் என்னவோ செய்தது.

கடைசியாக பர்மா பஜார். 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, 1964-ல் கடைகள் அரசுடைமை ஆகி, வெறுங்கையோடு கப்பலேறி வந்த தமிழர்களுக்காக 1969-ல் உண்டான கடை வரிசை. மகள் இயர்போன் வாங்கினாள். சொன்ன விலையில் பாதிக்கு அவள் அம்மா பேரம் பேசி முடித்தாள்.

திரும்பும் வழியில் பாரிமுனை. டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில், 1773-ல் நட்ட தூண்களில் மிஞ்சிய ஒன்று நிற்கிறது. பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மகள் அதையும் எதிர்ப்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்கு அந்தப் பக்கம் எதுவும் கட்டக் கூடாதுன்னுதானே ஊரையே இடிச்சாங்க?"

"ஆமாம்மா."

"அப்ப கோர்ட்டு?"

1892-ல் திறந்தார்கள். அதற்குள் பிரெஞ்சுப் பயம் போயிருந்தது. நிலம் சும்மா கிடக்கிறதே என்று அவர்களே அவ்வளவு பெரிய கட்டடத்தைக் கட்டிக்கொண்டார்கள். 1914 செப்டம்பரில் ஜெர்மானிய எம்டன் கப்பல் சுட்டபோது ஒரு குண்டு அந்த வளாகத்தில்தான் வந்து விழுந்தது. அதுவும் வடக்கிலிருந்து வரவில்லை, கடலிலிருந்து வந்தது!

"அப்போ அவங்களைத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாமே?" என்றாள்.

பதில் தேடிக்கொண்டிருந்தேன். "மூட்டையை ஒரு பக்கம் பிடிங்க, கை வலிக்குது" என்றாள் மனைவி. ஐந்நூறு பத்திரிகை. நல்ல கனம்.