நிலத்தில் வீடு கட்ட முடியாது

என் தாய்மாமன் களியக்காவிளைக்காரர். பணி ஓய்வுக்குப் பின் மகள் வீட்டுக்கு அருகில் குடியேற விரும்பிப் பாறசாலையில் 8 சென்ட் இடம் வாங்கினார். இரண்டு ஊர்களுக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரந்தான். நடுவில் மாநில எல்லை. வீட்டைத் திட்டமிடுவதில் மாமா எக்குறையும் வைக்கவில்லை. சமையலறை எந்த மூலையில், கிணறு எந்தப் பக்கம், முதுமையில் படியேற முடியாமற் போனால் படுக்கையறை எங்கே என்பன அனைத்தையும் யோசித்து, பொறியாளரிடம் மூன்று முறை வரைபடத்தை மாற்றி வாங்கினார். கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்தபோது ஒரே ஒரு சொல் வழிமறித்தது. ஆதாரத்தில் அவருடைய இடம் ‘நிலம்’ என்று எழுதப்பட்டிருந்தது.

மாமாவுக்கு மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அச்சொல்லை அவர் முன்பே படித்துமிருந்தார். “நெலம்னுதானே எழுதியிருக்கு மக்களே, நான் நெலந்தானே வாங்கினேன்?” என்று என்னிடம் கேட்டார். மொழியியல் படித்தவன் என்ற முறையில் அக்கேள்விக்கு நான் விடை சொல்லக் கடமைப்பட்டவன். இப்பதிவு அந்த விடைதான்.

தமிழில் நிலம் என்பது பொதுச்சொல். பழந்தமிழ் மரபில் மலையும் காடும் கடற்கரையும் நிலமே; வயல் சார்ந்த மருதம் அவற்றுள் ஒரு வகை மட்டுமே. திருவிதாங்கூரின் வருவாய்ப் பதிவேடுகளில் இச்சொல்லின் பொருள் குறுகியது. அங்கே ‘நிலம்’ என்றால் நெல்வயல். வீடும் தென்னையும் பலாவும் நிற்கத்தக்க மேட்டுப்பாங்கான இடத்துக்குப் பெயர் ‘புரயிடம்’. புர என்றால் வீடு. புரயிடம் வீட்டுக்குரிய இடம். குமரி மாவட்டத்துப் பழைய பிரமாணங்களில் இதையே ‘புரையிடம்’ என்று காணலாம். 1886இல் தொடங்கி 1911இல் நிறைவுற்ற திருவிதாங்கூர் நிலவரித் திட்டம், ஒவ்வொரு துண்டு மண்ணையும் அளந்து இவ்விரு வகைகளில் பதிவு செய்தது. இன்று கேரளத்து வில்லேஜ் அலுவலகங்களில் உள்ள அடிப்படை வரிப் பதிவேட்டில் காணப்படும் ‘நிலம்’, ‘புரயிடம்’ என்ற பகுப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நம் ஊர்ப்பெயர்களும் இப்பகுப்பை நினைவில் வைத்திருக்கின்றன. களியக்காவிளை, இஞ்சிவிளை என ‘விளை’யில் முடியும் பெயர்கள் மேட்டுத் தோட்ட நிலத்தைச் சுட்டுவன. தாழ்ந்த வயற்பரப்பை இப்பகுதியில் ‘ஏலா’ என்போம். விளையில் வீடு, ஏலாவில் நெல் என்பதே எழுதப்படாத திட்டமாக இருந்தது. மழைநீர் ஏலாவில் தேங்கி மெல்ல இறங்கும். விளைகளின் கிணறுகள் அதனால் ஊறும்.

எழுதப்பட்ட திட்டமும் இருந்தது. திருமங்கலத்து நீலகண்டன் மூஸ்ஸது 16ஆம் நூற்றாண்டில் சமஸ்கிருதத்தில் இயற்றிய ‘மனுஷ்யாலய சந்திரிகை’ கேரளத் தச்சர்களின் முதன்மை நூல். இம்மரபில் வீட்டின் அளவுக்கு முன்னால் மண்ணின் சோதனை வருகிறது. குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்ப இட்டு நிரப்ப வேண்டும். மண் மிஞ்சினால் நன்று, சரியாக இருந்தால் நடுத்தரம், குறைந்தால் விலக்கத்தக்கது. இதன் பின்னரே கோலும் கணக்கும். ஒரு கோல் 24 அங்குலம். இன்றைய அளவில் சுமார் 72 சென்டிமீட்டர். சுற்றளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்தால் வரும் மீதி ‘யோனி’. ஒற்றைப்படை மீதி கொள்ளத்தக்கது, மற்றவை தள்ளத்தக்கவை. 40 கோல் சுற்றளவுக்கு மீதி இல்லை, ஆகவே அது ஆகாது. 8 அங்குலம் கூட்டினால் மீதி ஒன்று, அது ஆகும். இக்கணக்கின் பலன்களை நம்புவது அவரவர் விருப்பம். நான் சுட்ட விரும்புவது வரிசையை: முதலில் மண், பிறகு அளவு.

ஆனால் இந்நூல் மரபு மனையின் இலக்கணத்தை வருணத்துக்கு வருணம் பிரித்தே சொன்னது. அதற்கு வெளியே நின்றவர்களின் வீட்டைப் பிறர் முன்பே திட்டமிட்டிருந்தனர். லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் 1871இல் வெளியிட்ட நூலில், தென் திருவிதாங்கூரில் அன்று சாணார் எனப்பட்ட நாடார் மக்கள் குடை பிடிக்கவோ, பொன்னகை அணியவோ, ஒரு நிலைக்கு மேல் வீடு எழுப்பவோ முன்பு அனுமதிக்கப்படவில்லை என்று பதிவு செய்கிறார். புலையர், பறையர் குடும்பங்களோ பிறருடைய புரயிடத்தின் ஓரத்தில் குடிசை போட்டு, இறங்கச் சொன்னால் இறங்க வேண்டிய நிலையில் வாழ்ந்தன. அந்த நிலைக்கு ‘குடிகிடப்பு’ என்று பெயர். குடியிருப்பு அன்று, குடிகிடப்பு: உரிமையின்றிக் கிடத்தல். 1970 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம், குடிசை நின்ற மண்ணை ஊராட்சிகளில் 10 சென்ட் வரை விலைக்கு வாங்கும் உரிமையை அவர்களுக்குத் தந்தது. பல குடும்பங்களுக்கு அதுவே தலைமுறைகளில் முதல் புரயிடம்.

1956 நவம்பர் 1இல் விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அங்கே நன்செய், புன்செய் என்ற சொற்கள் வழங்குகின்றன. நன்செய்யை மனையாக்க அங்கும் அனுமதி வேண்டும். ஆனால் நன்செய் என்ற சொல்லே வாங்குபவரை எச்சரித்துவிடும். இப்பக்கத்து ‘நிலம்’ தமிழ்க் காதுக்கு எதையும் எச்சரிப்பதில்லை.

1970களின் நடுவில் கேரளத்தில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. 2008ஐ ஒட்டி அது சுமார் 2.3 லட்சமாகச் சுருங்கியிருந்தது. ஏலாக்கள் மண்ணிட்டு நிரப்பப்பட்டு மனைகளாயின. அவ்வாண்டு நெல்வயல், தண்ணீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எஞ்சிய வயல்களும் நீர்த்தடங்களும் ‘டேட்டா பேங்க்’ எனும் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வேறு இடமற்ற உரிமையாளர் வீடு கட்டச் சில விலக்குகள் உண்டு. பட்டியலில் சேராத நிலத்துக்கு 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தனி வழி உண்டு. எனினும் பொதுவிதி தெளிவானது: நிலத்தில் வீடு கட்ட முடியாது. ஊர்க் கிணறுகளை எண்ணிப் பார்த்தால் அவ்விதி நியாயமானதே என்பேன். மாமாவிடம் இதைச் சொல்வது எளிதாக இல்லை.

அவருடைய இடம் பட்டியலில் உள்ளது. பல்லாண்டுகளுக்கு முன்பே மேடாக்கப்பட்ட இடம் என்று காட்டி, பட்டியலைத் திருத்தக் கோரி ஆர்.டி.ஓ.வுக்கு ஐந்தாம் எண் படிவத்தில் விண்ணப்பித்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. வரைபடம் அலமாரியில் இருக்கிறது.

எல்லையோரத்தில் வீடு கட்ட எண்ணும் நண்பர்கள், பொறியாளரைப் பார்க்கும் முன், முன்பணம் கொடுக்கும் முன், வில்லேஜ் அலுவலகத்தில் வரிப் பதிவேட்டையும் கிருஷி பவனில் டேட்டா பேங்கையும் பாருங்கள். ஆதாரத்தை மலையாளம் நன்கறிந்த ஒருவரிடம் கொடுத்துப் படித்துப் பொருள் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பழைய பிரமாணங்களில் விளை, ஏலா, புரையிடம் போன்ற சொற்கள் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். தொகுத்து வருகிறேன்.