கை மறவாத எழுத்து

தில்லியில் பிறந்து வளர்ந்த என் மகள், ஊரிலுள்ள தன் பாட்டிக்கு முதன்முறையாகத் தமிழில் கடிதம் எழுதினாள். அதில் 'வாளைப்பழம் தின்றேன்' என்றிருந்தது. 'வாளை மீன் அறிவேன். அதிலும் பழம் உண்டோ?' என்று பாட்டி மறுமொழி விடுத்தார். நகைத்தோம், எனினும் உள்ளம் உறுத்திற்று. பேச்சோடு நின்ற தமிழ் எவ்வளவு விரைவில் தேய்கிறது!

எழுத்தின் வரலாற்றிலும் இத்தகைய மயக்கம் நேர்ந்ததுண்டு. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஆயினும், எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என அஞ்சி, ஏடெழுதுவோர் பெரும்பாலும் அதனை விடுத்தனர். அதனால் குறிலும் நெடிலும் ஒரே வடிவில் நின்றன. படிப்போர் இடம் நோக்கிப் பொருள் கொண்டனர். நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்து அம்மயக்கத்தைக் களைந்தவர் வீரமாமுனிவர் (1680–1747). பாட்டிமாரின் பழங்கடிதங்களில் துதிக்கை போல் வளைந்து நிற்கும் லை, னை வடிவங்களோ, தமிழ்நாட்டரசின் 1978-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் மாறின.

இவ்வாறு வடிவங்கள் மாறினும், கற்கும் வழி கையினுடையதாகவே இருந்தது. திண்ணைப் பள்ளி மாணவனுக்கு மணலே முதல் ஏடு. விரலால் எழுதுவான், எழுதும்போதே உரக்க ஒலிப்பான். கையும் கண்ணும் வாயும் செவியும் ஒருங்கே பயின்றன. ஓலையும் எழுத்தாணியும் அதன் பின்னரே அவன் கைக்கு வந்தன.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இம்முறை இன்றும் பயன் தரும். ல, ள, ழ ஆகியவற்றின் வேறுபாடு அயல்மொழிச் சூழலில் செவிக்கு மங்கிவிடும். கைக்கோ அவை மூன்று வெவ்வேறு பாதைகள். செவி தவறவிட்டதைக் கை காத்துத் தரும்.

ஒரு தட்டில் அரிசியைப் பரப்புங்கள். நேர்கோட்டு எழுத்துகளாகிய ட, ப ஆகியவற்றை முதலிலும், வளைவுடைய வ, ல ஆகியவற்றைப் பின்னரும், சுழிமிக்க அ, இ ஆகியவற்றை இறுதியிலும் பழக்குங்கள். ஒவ்வொன்றையும் ஒலித்துக்கொண்டே எழுதச் செய்யுங்கள். விரல் பழகிய பின் கோடிட்ட தாளும் பென்சிலும் போதும்.

என் மகளும் அவ்வாறே பயின்றாள். அடுத்த கடிதத்தில் 'வாழைப்பழம்' பிழையின்றி இருந்தது. பாட்டி அதனைத் தம் பெட்டியில் வைத்திருக்கிறார்.